வேலையில் சேரும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

வீட்டுப் பிரச்சினை, நோய், பழைய வழக்கு போன்றவற்றைப் புதிதாகச் சேரும் நிறுவனத்திடம் சொல்லலாமா, சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. எம்.காம். படித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இப்போது ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்து, நியமனக் கடிதமும் வந்துவிட்டது. என் அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்ததால் செவ்வாய், வெள்ளிக் காலைகளில் டயாலிசிஸ் செய்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, எனவே துணைக்கு நான்தான் போகிறேன். நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "முதலில் போய் நாற்காலியில் உட்கார், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார் அம்மா. மறைத்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது. என்ன செய்ய?
(வாசகி, கோவை)

பதில்: அன்புள்ள சகோதரி, கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருந்தது மறைப்பு ஆகாது. உங்களுக்குக் கணக்கு வேலை தெரியுமா என்று பார்ப்பதற்குத்தான் நேர்முகத் தேர்வு. அங்கே அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசியிருந்தால், உங்கள் திறமையைப் பற்றி எழுதியிருக்க வேண்டிய குறிப்பில் "அடிக்கடி விடுப்பு எடுக்கக்கூடும்" என்ற வரிதான் மிஞ்சியிருக்கும். ஆகவே அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள்.

இப்போது நிலைமை வேறு. அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு வந்துவிடுவீர்கள் என்று நம்பித்தான் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்துக்கு வர முடியாது என்பது உங்களுக்கு இன்றைக்கே தெரியும். தெரிந்த ஒன்றை, வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, அப்போதுதான் நேர்ந்ததுபோலச் சொன்னால், அப்பாவின் நோய் பின்னுக்குப் போய் உங்கள் சொல்லின் மேல் சந்தேகம் முன்னுக்கு வந்துவிடும். அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் அந்த நாற்காலி, பெரும்பாலான நிறுவனங்களில் முதல் ஆறு மாதமாவது தகுதிகாண் பருவம் என்ற பெயரில் ஆடிக்கொண்டேதான் இருக்கும்; அந்தக் காலத்தில் ஒருவரை வேண்டாமென்று அனுப்ப நிர்வாகம் பெரிதாகச் சிரமப்படுவதில்லை.

நியமனத்தை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பும் முன் சொல்லிவிடுங்கள். யாரிடம் என்றால், மனிதவள அலுவலரிடம் மட்டும் சொல்லாமல், நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்களோ அந்த மேலாளரிடமும் சொல்லுங்கள். தினமும் உங்கள் வருகையைப் பார்க்கப்போகிறவர் அவர்தான்.

என்ன சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், முடிந்ததும் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், சில நாள் ரத்த அழுத்தம் இறங்கி அப்பாவால் எழுந்து நடக்கவே முடியாது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. மேலாளருக்கு இவ்வளவும் தேவையில்லை. எந்தெந்த நாள் தாமதமாக வருவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், விட்டுப்போன நேரத்தை எப்படி ஈடுகட்டுவீர்கள், நெருக்கடியான தேதிகளில் என்ன ஏற்பாடு என்ற நான்கும்தான் அவருக்கு வேண்டும். நெருக்கடியான தேதிகள் எவை என்று ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கு, 20க்குள் 3-பி என்ற மாத ஜி.எஸ்.டி. கணக்கு. இந்தத் தேதிகளை ஒட்டிச் செவ்வாயோ வெள்ளியோ வந்தால் அன்றைக்கு அப்பாவுடன் யார் போவது என்று சொந்தக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "நியமனக் கடிதத்துக்கு நன்றி. சேர்வதற்கு முன் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். என் தந்தையின் தொடர் சிகிச்சைக்காகச் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் காலை 11.30 மணிக்குத்தான் என்னால் அலுவலகம் வர இயலும். அந்த நேரத்தை அதே நாள் மாலையிலும் சனிக்கிழமையிலும் ஈடுசெய்துவிடுவேன். வரித் தாக்கல் தேதிகளில் மாற்று ஏற்பாடு செய்துகொண்டு வழக்கமான நேரத்துக்கு வந்துவிடுவேன். இதற்குத் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன்." இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. "மிகுந்த மனவேதனையுடன்", "தாங்கள்தான் கருணை காட்ட வேண்டும்" என்பன போன்றவை வேண்டவே வேண்டாம். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, நேர மாற்றம்.

இதை அனுப்பும் முன் மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேளுங்கள். டயாலிசிஸ் மையங்கள் பல, காலை, மதியம், மாலை என்று முறை வைத்து நடக்கின்றன. மாலை முறைக்கு இடம் காலியானால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். புதிய நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்றும் விசாரியுங்கள். அந்தப் படிவத்தில் அப்பாவின் நோயைக் கேட்டிருந்தால் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயை முதல் நாளிலிருந்தே ஏற்கும் குழுக் காப்பீடுகள் உண்டு, பொய் சொன்னதை ஏற்கும் காப்பீடு கிடையாது.

நிறுவனம் முடியாது என்று சொல்லவும் கூடும். அதனால், எழுத்தில் ஒப்புதல் கைக்கு வரும்வரை ஆடிட்டர் அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். வயது 22. ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மூன்று வருடமாக ஒரு முறைகூட வரவில்லை. மருத்துவப் படிவத்தில் "வலிப்பு, மயக்கம் உண்டா? ஆம் / இல்லை" என்று இருக்கிறது. "இல்லை என்று டிக் அடி. ரத்தம், எக்ஸ்ரே, கண், காது பரிசோதனையில் அது தெரியவே தெரியாது" என்கிறார்கள் நண்பர்கள்.
(வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: தம்பி, பரிசோதனையில் தெரியாது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். "இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், மாட்டிக்கொள்வீர்கள் என்பது அல்ல. உங்களைப் பிரஸ் ஷாப்பில் போடுவார்களா, கிரேனுக்குக் கீழே நிறுத்துவார்களா, மூன்றாவது ஷிஃப்டில் போடுவார்களா என்பதை அந்த ஒரு டிக்தான் தீர்மானிக்கிறது. மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் திரும்ப வரவழைக்கும் முக்கியக் காரணங்கள் என்று உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். வாரம் ஒரு ஷிஃப்ட் என்று சுழலும் தொழிற்சாலையில் இரண்டும் சேர்ந்து நடக்கும். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். விழுந்தால் ஆபத்தான இடத்தில் வேலை என்றால் இதைக் கேட்பதற்கு நிறுவனத்துக்கு நியாயம் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு மௌனம் வேறு, பொய் வேறு. படிவத்தின் அடியில் "தவறான தகவல் தந்ததாகத் தெரியவந்தால் பணியிலிருந்து நீக்கப்படுவேன் என்பதை அறிவேன்" என்ற வாசகத்தின் கீழேதான் கையெழுத்துப் போடப்போகிறீர்கள்.

வெறுமனே "ஆம்" என்று டிக் அடித்துவிட்டும் வராதீர்கள். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்ப்பவர் மனத்தில், பேருந்து நிலையத்தில் யாரோ விழுந்து கிடந்த காட்சிதான் ஓடும். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் போய் ஒரு சான்று வாங்குங்கள். கடைசியாக வலிப்பு வந்தது எப்போது, இப்போது என்ன மாத்திரை, எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர், எதைத் தவிர்க்க வேண்டும் (உயரமான இடம், தடுப்பில்லாமல் சுழலும் இயந்திரம், வண்டி ஓட்டுவது, இரவு ஷிஃப்ட்) என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். "ஆம், சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்று படிவத்தில் எழுதுங்கள். தரக்கட்டுப்பாடு, அளவீட்டு ஆய்வகம், டிசைன், ஸ்டோர்ஸ் என்று ஒரு தொழிற்சாலைக்குள் டிப்ளமோ படித்தவருக்கு வேறு இடங்களும் இருக்கின்றன என்பதை மருத்துவ அலுவலரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

மருத்துவ அலுவலரையும் மனிதவள அலுவலரையும் தவிர வேறு யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது நல்லது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், நம் ஊரில் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதற்குத்தான் ஆள் இருப்பார்கள்.

ஒரு செய்தியையும் சொல்லி வைக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தகுதிக்குறைவாகச் சொல்லப்பட்டிருந்தவற்றில் வலிப்பும் ஒன்று. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிய அளவுக்கு மேலாளர்கள் எல்லோரும் மாறிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த இடம் கைநழுவினாலும் அந்தச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த இடத்தில் இதே கேள்வி வரும்.

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். கடுமையான மனச்சோர்வால் வேலையை விட்டு ஓராண்டுக்கு மேல் சிகிச்சை எடுத்தேன். இப்போது நலமாக இருக்கிறேன். இடைவெளி இருந்தால் யாரும் அழைக்க மாட்டார்கள் என்று சொல்லி, அந்த ஓராண்டுக்கு அனுபவச் சான்றிதழ் தருவதாக ஒரு கன்சல்டன்சி கூறுகிறது. எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம். வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தாலே எந்த மாதம் எந்த நிறுவனம் உங்களுக்குப் பணம் கட்டியது என்பது வரிசையாகத் தெரிந்துவிடும். வேலைக்கு எடுப்போர் சரிபார்க்கும்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கன்சல்டன்சிக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், போலிச் சான்று கொடுத்தவர் என்ற பெயர் உங்களுக்கு நிற்கும்.

"உடல்நலக் காரணங்களால் ஓய்வு எடுத்துச் சிகிச்சை பெற்றேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இதில் பொய் இல்லை, மனநலமும் உடல்நலத்தைச் சேர்ந்ததுதான். "என்ன நோய்?" என்று துருவினால், "அது என் மருத்துவருக்கும் எனக்கும் உள்ள விஷயம், வேலையைப் பாதிக்காது" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை மருத்துவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதில் சொல்லப்பட்டுள்ள சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிறுவனம் போய் வாங்கிவிட முடியாது. இடைவெளியில் ஏதாவது கற்றிருந்தால், ஆட்டோமேஷன் கருவி ஒன்றில் சிறிய பயிற்சியாக இருந்தாலும், அதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

கேள்வி: எனக்கு இரண்டு மாதம் கர்ப்பம். ஒரு தனியார் நிறுவனத்தில் தேர்வாகி அடுத்த வாரம் சேரப்போகிறேன். சொல்லாமல் சேர்ந்தால் ஏமாற்று என்று ஆகுமா?
(வாசகி, மதுரை)

பதில்: ஆகாது. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றத்திலேயே பழைய பதில் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண், மகப்பேறு விடுப்பு முடிந்து வந்ததும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உறுதிமொழிப் படிவத்தில் மாதவிடாய்த் தேதியைத் தவறாக எழுதினார் என்பது கழகத்தின் வாதம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றீர்கள், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்டிருந்தது. 1991இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், ஒரு பெண்ணின் நாணத்துக்கும் சுயமரியாதைக்கும் இழுக்கான கேள்விகள் இவை என்று கண்டித்து, அந்தப் பத்திகளை நீக்கச் சொன்னது. அந்தப் பெண்ணையும் மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

எனவே சேரும் முன் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் சேர்ந்த பிறகு வெகுநாள் தள்ளிப்போடாதீர்கள். 26 வார ஊதிய விடுப்பு பெற, பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி அது எட்டும். நான்காம் மாதம் வாக்கில் மேலாளரிடம் எழுத்தில் சொல்லி, உங்கள் வேலையை யாரிடம் எப்போது ஒப்படைப்பது என்று ஒரு திட்டமும் சேர்த்துக் கொடுங்கள். வேலை கதிர்வீச்சு, ரசாயனம், பளு தூக்குதல் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது குழந்தைக்காக.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கும்போது, "பஸ் டே" கொண்டாட்டத்தில் நடந்த தகராறில் அவன் பெயரையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். பிறகு விடுதலையாகிவிட்டான். இப்போது மத்திய அரசு வேலை கிடைத்திருக்கிறது. "உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா?" என்று படிவத்தில் கேட்கிறார்கள். விடுதலையான வழக்கை எதற்காக எழுத வேண்டும் என்கிறான்.
(வாசகர், சென்னை)

பதில்: ஐயா, "எப்போதாவது" என்ற சொல்லை மகனிடம் விரல் வைத்துக் காட்டுங்கள். விடுதலையான வழக்கும் அதில் அடங்கும். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறது. தண்டனை, விடுதலை, கைது, நிலுவை எதுவானாலும் கேட்டதற்கு உண்மையை எழுத வேண்டும். படிவத்தில் குறிப்பாகக் கேட்காத ஒன்றை எழுதவில்லை என்பதற்காக மறைத்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறிய வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும் நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே, உண்மையை எழுதியவரையும் வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை என்பதால் இதையும் எழுதுகிறேன்.

வழக்கு எண், நீதிமன்றம், விடுதலைத் தேதி ஆகியவற்றை எழுதித் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைக்கச் சொல்லுங்கள். குற்றமற்றவர் என்று விடுதலையா, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில பணிகளில், குறிப்பாகத் தமிழ்நாடு காவல்துறைப் பணிகளில், இந்த வேறுபாட்டுக்கு விதிகளிலேயே இடம் உண்டு. எப்படியும் காவல் நிலையத்திலிருந்து சரிபார்ப்பு அறிக்கை போகத்தான் போகிறது. முதலில் உங்கள் மகனின் எழுத்தில் அந்தச் செய்தி போய்ச் சேரட்டும்.

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறேன். கட்டிங் பிரிவுக்கு ஒருவரை எடுத்தேன். சேரும் அன்றே, "முன்பு குடிப்பழக்கம் இருந்தது, விட்டு ஓராண்டு ஆகிறது, வாரத்தில் இரண்டு நாள் மாலை அதற்கான கூட்டத்துக்குப் போக வேண்டும்" என்று சொன்னார். நேர்மையைப் பாராட்டி எடுத்துக்கொண்டேன். ஆனால் சூப்பர்வைசர்களிடம் சொல்லி ஒரு கண் வைத்திருக்கச் சொல்ல வேண்டும் என்று என் பங்குதாரர் வற்புறுத்துகிறார்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்து வந்த ஒரே கடிதம் உங்களுடையது, அதற்காகவே மகிழ்ச்சி. சூப்பர்வைசர்களிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் கட்டிங் மேசை முழுவதும் அது பரவிவிடும். ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டாலும் "பழையபடி ஆரம்பித்துவிட்டான்" என்பார்கள். அவர் உங்களை நம்பிச் சொன்னார், கம்பெனியை நம்பிச் சொல்லவில்லை. அதோடு, அடுத்து வருகிற யாரும் உங்களிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் பங்குதாரரின் பயத்தை அலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. கட்டிங் மெஷினின் கத்தி விரலைக் கொண்டுபோய்விடும்; குடித்துவிட்டு வந்த எவரையும் அதன் பக்கம் விடக்கூடாது. அந்த விதியை எல்லோருக்கும் பொதுவாகப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். அவரைப் பொறுத்தவரை வருகைப் பதிவையும் வேலையையும் மற்றவர்களுடையதைப் பார்ப்பது போலவே பாருங்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த பிறகு திங்கட்கிழமை ஒழுங்காக வருகிறாரா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். தொடர்ந்து குறை தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டு நீங்களே கேளுங்கள்.

சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "இந்த இரண்டு மாலையும் இவருக்கு ஒன்றரை ஷிஃப்ட் போடாதே, எட்டு மணி நேரம் முடிந்ததும் அனுப்பிவிடு." காரணம் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டது என்று சொன்னால் போதும். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் கடைசி வாரத்தில் இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் மீறத் தோன்றும்; அந்த வாரத்துக்கு மாற்று கட்டிங் மாஸ்டர் ஒருவரை இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.